சோழகமா வாடையா எண்டு பாத்துத்தான் கடலுக்கு வெளிக்கிடவேணும்

வவுனியாவில இருக்கிறவைக்கு ஏது கடல், உங்களுக்குக் குளம்தானே எண்டு யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் அடிக்கடி கேக்கிறவை. நான் அதுக்கு எப்பவும் சொல்லுறது, இலங்கையில எங்களைப்போல கடல் வசதி உள்ள ஆக்கள் குறைவு எண்டுதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ, மேற்க மன்னார், வடகிழக்க முல்லைத்தீவு, கிழக்க திருகோணமலை, மூண்டுமே ஏறக்குறைய 80 இல இருந்து 100 கிலோமீற்றர், வான் பிடிச்சா ரெண்டு மணித்தியாலம், வழியில தேத்தண்ணிக்கு நிண்டாலும் ரெண்டரைக்குள்ள காலை நனைக்கலாம். கொழும்பில இருக்கிறவைக்குக் கிட்ட இருக்கிறது மேற்குக் கடல் ஒண்டுதான், வைகாசியில அது குழம்பிச்செண்டா பேந்து மாசக்கணக்கில பாத்துக்கொண்டுதான் இருக்கவேணும். எங்களுக்கு ஒரு பக்கம் குழம்பினா மற்றப் பக்கம் ஆறியிருக்கும்.

இதை ஏன் எழுதுறன் எண்டால், ஆவணி லீவுக்கு (எங்கட பேச்சில தை எண்டால் ஜனவரி, ஆவணி எண்டால் ஓகஸ்ட், மார்கழி எண்டால் டிசம்பர்) கொழும்பில இருந்து மாமா குடும்பம் வருகினம், வைபர் குறூப்பில ரெண்டு கிழமையா எந்தக் கடலுக்குப் போறதெண்டுதான் கதை. மச்சாளுக்கு நிலாவெளி, தம்பிக்கு முல்லைத்தீவு, அம்மாவுக்கு மன்னார், ஏனெண்டா திருக்கேதீஸ்வரமும் பாத்தமாதிரிப் போகுமாம். ஆளாளுக்கு படம் அனுப்புகினமே தவிர ஒருத்தரும் என்ன மாசம் போறம், என்ன காத்து அடிக்குது, சோழகமா (தென்மேற்குக் காத்து) வாடையா (வடகிழக்குக் காத்து) எண்டு கேக்கேல்ல. கடலைத் தேர்ந்தெடுக்கிறதில முதல் கேள்வியே அதுதான், ரூம் விலையெல்லாம் அதுக்குப் பிறகு.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூண்டையும் மறந்திடுங்கோ. அது மழைக்காலம், வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எண்டு ரேடியோவில சொல்லத் தொடங்கினா மீன்பிடிக்கிற ஆக்களே போட்டை இழுத்துக் கரையில ஏத்திப்போட்டு இருக்கிற காலம், அதுக்குள்ள நாங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யிறது. தை மாசியிலயும் வாடை அடிக்கும், முல்லைத்தீவிலயும் திருகோணமலையிலயும் அலை உயரமாத்தான் இருக்கும். அந்த நேரம் மன்னாருக்குப் போகவேணும். பங்குனி சித்திரை ரெண்டு காத்துக்கும் இடையில, எந்தப் பக்கம் போனாலும் நல்லம், வெயில்தான் கொளுத்தும். வைகாசிக்குப் பிறகு சோழகம் எழும்பினா கிழக்குக் கடல் அப்பிடியே ஆறிடும், புரட்டாதி வரைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கும். இவ்வளவுதான் கணக்கு.

மன்னாரில இன்னுமொரு வசதி இருக்கு, அது தீவெண்டபடியால ஒரு பக்கம் பாக்கு நீரிணை, மற்றப் பக்கம் மன்னார் வளைகுடா. வாடைக்குத் தெற்குப் பக்கம் ஒதுக்கமா இருக்கும், சோழகத்துக்கு வடக்குப் பக்கம். தெற்குக் கரையில நிக்கிற அந்தப் பெரிய காத்தாடியள் முப்பதும், 2020 மார்கழியில திறந்த தம்பபவனி காத்தாலை மின்நிலையம், காத்து அங்க எப்பிடி அடிக்குமெண்டதுக்கு அதைவிட வேற சாட்சி வேண்டாம். தை மாசியில போனால் தீவுக்குள்ள ஏற முதலே வங்காலைப் பக்கம் தண்ணிக்குள்ள பூநாரையள் நிக்கிறதைப் பாக்கலாம், கனநேரம் வானை நிப்பாட்டி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கலாம், அது 2010 இல ராம்சார் இடமா, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமா, அறிவிச்ச சரணாலயம், இறங்கி ஓடிக் கலைக்காமல் ரோட்டில நிண்டே பாத்தாக் காணும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் (பாவோபாப்) பிள்ளையளுக்குக் காட்டவேணும். தலைமன்னார் இறங்குதுறையில நிண்டு அம்மா எப்பவும் கதை சொல்லுவா, 1914 இல இருந்து அங்க இருந்துதான் தனுஷ்கோடிக்குக் கப்பல், 1964 மார்கழிப் புயலோட அது நிண்டுபோச்சு, அவவின்ர தகப்பன் அந்தக் கப்பலில திருச்சிக்குப் போய் வந்தவராம். போர் காலத்தில நிண்ட ரயிலும் 2015 இல திரும்பத் தலைமன்னார் வரைக்கும் ஓடத் தொடங்கினது, கொழும்பில இருந்து வாறவை வான் இல்லாமலே வரலாம். நேரம் இருந்தால் சிலாவத்துறை ரோட்டால அரிப்புக்குப் போங்கோ, எங்கட சனம் அல்லிராணிக் கோட்டை எண்டு சொல்லுற கட்டிடம், 1800 களின்ர தொடக்கத்தில பிரிட்டிஷ் தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைப் பாக்கக் கட்டினது, கடல் அரிச்சு அரிச்சு இப்ப மிச்சம் கொஞ்சம்தான்.

ஆனால் ஆவணியில எண்டால் என்ர வாக்கு முல்லைத்தீவுக்குத்தான்.

மாங்குளத்தில ஏ9 பெருந்தெருவை விட்டு வலப்பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை எண்டு போற ரோட்டு, ரெண்டு பக்கமும் காடும் வயலும், சீசன் எண்டால் பாலைப்பழம் விப்பினம், பால் சொண்டில ஒட்டினாலும் பரவாயில்லை எண்டு வாங்கிச் சாப்பிடுங்கோ. விடிய 6 மணிக்குக் கரையில நிக்கிறமாதிரி வெளிக்கிட்டால்தான் கரைவலை பாக்கலாம். முந்தி ரெண்டு பக்கமும் ஆக்கள் வரிசையா நிண்டு அம்பா எண்ட வலை இழுக்கிற பாட்டுப் பாடி இழுத்தவை, பேந்து கன இடத்தில ட்ரக்டரில பூட்டின மெசினால இழுக்கத் தொடங்கினவை, நனைஞ்ச கயிறு மணலில வட்டம் வட்டமா விழும், ஒரு ஆள் அதைச் சுருட்டிச் சுருட்டி ஒதுக்கிக்கொண்டே இருப்பார். வலையின்ர மடி கரைக்குக் கிட்ட வர வரக் காகமும் பருந்தும் மேல வந்திடும், பேந்து ஆக்கள் இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கி மடியை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிப்பினம், அவிட்டா உள்ளுக்குள்ள நெத்தலியும் சூடையும் காரலும் வெள்ளி வெள்ளியாத் துடிக்கும், நடுவில ஒண்டு ரெண்டு பாரை, ஜெலிமீனை எடுத்து அங்கால எறிவினம், நண்டு ஒண்டு காலுக்குள்ளால ஓடும். மச்சாளின்ர பிள்ளையள் மீனை சுப்பர்மார்க்கெற் ஐசுக்குள்ளதான் கண்டதுகள், அதுகளுக்கு இதைக் காட்டவேணும் எண்டதுதான் என்ர பெரிய ஆசை. மீன் வாங்கிறதெண்டா வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியோட கதையுங்கோ, வலை இழுக்கிற ஆக்களை மினக்கெடுத்தாதேங்கோ, கயிறைத் தாண்டித் தாண்டி நிண்டு படம் எடுக்கவும் வேண்டாம், கயிறு இறுகினா காலை அடிச்சுப்போடும்.

அங்க இருந்து கரையோடயே தெற்க போனால் அலம்பில், செம்மலை, பேந்து நாயாறு. நாயாற்றுப் பாலத்தில நிண்டா ஒரு பக்கம் களப்பு, மற்றப் பக்கம் கடல். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போனால் வெயில் தணிஞ்சு வடிவா இருக்கும்.

முல்லைத்தீவைப் பற்றி எழுதேக்க மற்றதையும் எழுதாமல் விடேலாது. 2004 மார்கழி 26 அண்டைக்குக் கடல் எடுத்த ஊர் அது, ஒவ்வொரு குடும்பத்திலயும் ஆள் போனது. 2009 வைகாசியில முள்ளிவாய்க்காலில என்ன நடந்ததெண்டு வன்னியில ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பரந்தனால புதுக்குடியிருப்பு வழியா வாற ஆக்கள் அந்த மண்ணைக் கடந்து வட்டுவாகல் பாலத்தால ஏறித்தான் ரவுணுக்கு வரவேணும். எங்கட வானில அந்த இடம் வரேக்க பாட்டு நிப்பாட்டுறது, ஒருத்தரும் சொல்லிச் செய்யிறேல்ல, ட்றைவர் தம்பியே கையை நீட்டி நிப்பாட்டுவார், அம்மா பாலம் முடியிற வரைக்கும் நந்திக்கடல் பக்கம் பாத்துக்கொண்டு வருவா, அவவின்ர தங்கச்சி அதுக்குள்ளால வந்தவ. வெளியூரில இருந்து வாறவைக்கு நான் கேக்கிறது ஒண்டுதான், வைகாசி நடுப்பகுதியில அங்க பிக்னிக் வைக்காதேங்கோ, அந்தக் கிழமை சனம் கஞ்சி காய்ச்சிக் குடுத்து விளக்கு வைக்கிற கிழமை. மற்ற நாளில தாராளமா வாங்கோ, அங்கத்தையச் சனம் கடலோட கோவிச்சுக்கொண்டு இருக்கேல்ல, திரும்பவும் அதுக்குள்ளதான் போய் உழைச்சுச் சாப்பிடுகினம், நீங்கள் வந்து மீன் வாங்கி, கடையில சாப்பிட்டு, ரூம் எடுத்தால் அவைக்குத்தான் அந்தக் காசு.

குளிக்கிற விசயம். கிழக்குக் கடல் சோழகத்தில ஆறினாலும் கரை டக்கெண்டு ஆழமாகும், நாலடி வச்சா நெஞ்சளவு. இழுக்கிற இடத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறதெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேணும். அலை கொண்டுவந்து கொட்டுற தண்ணி திரும்பிப் போக வழி வேணுமெல்லோ, அது ஒரு ஒடுங்கின வாய்க்காலால வேகமா வெளிய ஓடும், அந்த இடத்தில அலை உடையாது, பாக்க அமைதியா, நிறம் கொஞ்சம் கறுப்பா இருக்கும், நீச்சல் தெரியாத பெடியள் அதுதான் நல்ல இடமெண்டு நினைச்சு சரியா அதுக்குள்ளயே இறங்குறது. அகப்பட்டால் கரையைப் பாத்து நேர நீந்தி மல்லுக்கட்டக் கூடாது, கரையோட பக்கவாட்டா நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியில வந்திட்டுப் பேந்து கரைக்குத் திரும்பவேணும். குடிச்சிட்டு இறங்குறவையைக் கைபிடிச்சு இழுத்தெண்டாலும் நிப்பாட்டுங்கோ. உள்ளூர் மீனவர் ஒராள் இண்டைக்கு இஞ்ச வேண்டாம் எண்டு சொன்னால் அதுக்கு மேல ஒரு கதையும் இல்லை.

திருகோணமலையைக் குறை சொல்லேல்ல. நிலாவெளி, உப்புவெளி ரெண்டும் வடிவு, புறாமலைக்குப் போட்டில போனால் பவளப்பாறையும் கலர் கலரா மீனும் பாக்கலாம், 2003 இல தேசிய பூங்கா ஆக்கினது, பாறையில ஏறி மட்டும் நிக்கவேண்டாம், அது உயிர். கோணேசர் கோயிலுக்குப் போற வழியில மான் நிக்கும், கன்னியா வெந்நீர் ஊற்றில கிணறு ஏழு. ஆனால் போயாவோட (பூரணை லீவு) சேந்த சனி ஞாயிறெண்டால் தென்பக்கச் சனம் பஸ் பஸ்ஸா வந்து இறங்கும், ரூம் விலை ஏறிடும், அமைதியைத் தேடிப் போறவைக்கு அது சரிவராது. ஹொரவப்பொத்தானை ரோட்டில பொழுதுபட்டால் யானையும் இருக்கு, இருட்ட முதல் வீடு வந்திடுங்கோ.

சின்னக் குழந்தையளும் மூட்டு நோ உள்ள ஆக்களும் கூட எண்டால் கொஞ்சம் தூரமெண்டாலும் காரைநகர் கசூரினா, கனதூரம் நடந்தாலும் முழங்காலளவுதான் தண்ணி. கிளிநொச்சியில இருக்கிறவை அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இயக்கச்சியால திரும்பித் தாளையடி, செம்பியன்பற்றுப் பக்கம் போங்கோ, சனமே இல்லாத வெள்ளைக் கரை.

திருவிழா நாளையும் பாத்து வையுங்கோ. ஆடி 2, ஆவணி 15 மடுத் திருவிழா, அந்த நாளில மன்னார் ரோட்டு முழுக்க வாகனம். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலெண்டால் முல்லைத்தீவில கால் வைக்க இடமிராது, அதுக்கெண்டே போறதெண்டா வேற கதை. நல்லூர்த் திருவிழாக் காலம் யாழ்ப்பாணத்தில ரூம் கிடைக்காது.

இன்னொரு விசயம், ஆம்பிளையள் பிளான் போட்டால் இது ஞாபகம் வராது, பொம்பிளையளுக்கு உடுப்பு மாத்தவும் ரொய்லெற் போகவும் இடம் வேணும். ஈர உடுப்போட ரெண்டு மணித்தியாலம் வானில இருந்து வாறது ஒரு சந்தோசமும் இல்லை. அதாலதான் நான் இந்த முறை பகலில நிக்கிறதெண்டாலும் ஒரு ரூம் எடுத்திடுவம் எண்டு நிண்டது, உப்புத்தண்ணி கழுவ நல்ல தண்ணி வருமோ எண்டு போனில கேட்டுத்தான் சொல்லிவச்சனான்.

நேற்று இரவு குறூப்பில முடிவாச்சு. சனி விடிய 4 மணிக்கு வவுனியாவில இருந்து வெளிக்கிட்டு முல்லைத்தீவு, கரைவலை பாத்து, மீன் வாங்கி, பின்னேரம் நாயாறு, ஞாயிறு காலமை வற்றாப்பளை, மத்தியானத்துக்குப் பிறகு வீடு. அம்மாவை மன்னாருக்குத் தை மாசத்தில கூட்டிக்கொண்டு போறதெண்டு சொல்லிச் சமாளிச்சாச்சு, "அப்ப பூநாரையும் நிக்குமெல்லோ பிள்ளை" எண்டு அவவே சொல்லிப்போட்டா. மச்சாள் கேட்டது ரெண்டுதான், பிள்ளையளுக்கு கணவாய் பொரியல் கிடைக்குமோ, போன் சிக்னல் இருக்குமோ எண்டு. ரெண்டும் இருக்கெண்டு சொல்லியிருக்கிறன், இனி மீன் கொண்டுவர நல்ல ஐஸ் பெட்டி ஒண்டுதான் ஆரிட்டையும் கேட்டு வாங்கவேணும்.