எண்ணூர்க் கல்லில் தேறிய சரக்கும் தேறாத சரக்கும்

ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்து வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் படங்களுக்கு முக்கியமானவை இரண்டு: கேமராவை அசையாமல் தாங்கும் ட்ரைபாட், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். இரண்டிலும் மலிவுச் சரக்கு உண்டு, விலை கேட்டாலே தலைசுற்றும் சரக்கும் உண்டு. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் இந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

என் ட்ரைபாட் 1,500 ரூபாய். மொட்டை மாடியில் நிலா எடுக்க ஒரு குறையும் சொல்ல முடியாது. கல் மேல் ஏற்றினால்தான் சங்கதி தெரிகிறது. மூன்று கால்களையும் நடுத்தண்டோடு ஒரு பட்டை பிணைத்திருப்பதால் எல்லாக் கால்களும் ஒரே அளவில்தான் விரியும். ஒன்றை மட்டும் அகட்டிப் பக்கத்துக் கல்லில் ஊன்ற வழியில்லை. தண்டையார்பேட்டையில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத கல்லு மேல வெச்சிட்டு கடலப் பாக்காத, கேமராவயே பாத்துகினு நில்லு" என்றார். அப்புறம் அவரே தன் பழைய அலுமினிய ட்ரைபாடை இரவல் கொடுத்தார்.

அதில் கால்கள் தனித்தனியே விரிகின்றன, கல்லில் பதிந்து நிற்கிறது. ஆனால் காசு எங்கே போயிருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் புரிந்தது. கால் பூட்டுகளைக் கையாலேயே திருகிக் கழற்றி, உள்ளே புகுந்த மணலையும் உப்பையும் நல்ல தண்ணீரில் அலசி, கிரீஸ் தடவி மாட்டிவிடலாம். என்னுடையது ரிவெட் அடித்தது. உள்ளே போன மணல் வெளியே வராது, மடக்கும்போதெல்லாம் நறநறவென்கிறது. கார்பன் ஃபைபர் வாங்கச் சொல்கிறார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது, சரி. மலை ஏறுகிறவர் வாங்கட்டும், பைக்கில் வரும் எனக்கு வேண்டாம்.

ஃபில்டரில் முதலில் மலிவான வேரியபிள் என்டி. உள்ளே இரண்டு போலரைசர்கள், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள். ஒன்றைத் திருகினால் இருட்டு கூடும். கடைசி வரை திருகினால், அகலமாகப் பிடிக்கும் வைடு ஆங்கிள் லென்ஸில் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கருமை விழுகிறது. இது போலரைசரின் இயல்பு, விலை கூடியதிலும் அந்த எல்லைக்கு முன்பே நிறுத்தத் தடை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்து 10 ஸ்டாப் ஃபில்டர்கள். வெளிச்சம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகும். 1/60 நொடி ஷட்டர் 17 நொடியாக நீளும். எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை எடுத்தபோது, மலிவான கண்ணாடியில் கறுப்பு வலைக் குவியல் செம்பழுப்பாக வந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தடுத்து அகச்சிவப்பை உள்ளே விடுவதால் வரும் கோளாறு இது. படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் வானம் சரியாகிறது, வலை சரியாவதில்லை. அகச்சிவப்பையும் தடுக்கும் விலை கூடிய கண்ணாடியில் வலை கறுப்பாகவே இருந்தது. ஷார்ப்னஸ்? லென்ஸ் துவாரத்தை எஃப் 11-இல் வைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் கண்ணாடி மேல் பூசும் கோட்டிங். அலை மோதித் தெறிக்கும் உப்புத்துளி நல்ல கண்ணாடியில் முத்தாக நிற்கும், ஒரு துடைப்பில் போய்விடும். மலிவானதில் இழுவிக்கொண்டு கோடாகும். சூரியன் எதிரே கடலிலிருந்து எழும்போது அந்தக் கோடுகள் எல்லாம் பளபளக்கும், படம் காலி. இப்படித் துடைத்துக்கொண்டு நிற்கையில்தான் வலை பிரிக்கும் பெரியவர் ஒருவர், "இன்னாபா, கடல அளக்குறியா?" என்று கேட்டார்.

எல்லா லென்ஸுக்கும் தனி ஃபில்டர் தேவையில்லை. 77 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸுகளுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டால் போதும். ரிங் பித்தளையில் வாங்குங்கள், அலுமினியம் இறுகிக்கொள்ளும்.

மற்றவை எல்லாம் சில்லறை. ஒயர் ரிமோட் மலிவிலேயே நன்றாக இருக்கிறது. மெமரி கார்டு மட்டும் பில் போடும் கடையில். வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுவேன். உப்புக்காற்றுக்குப் பயந்து மாட்டும் யூவி ஃபில்டரை, இரவில் காசிமேடு துறைமுக விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு போலி விளக்கு முளைக்கிறது.

ஃபில்டர் விலை கூடியதையே வாங்கிவிட்டேன். இரவல் ட்ரைபாடுக்கு அண்ணனிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறேன். கால்களைத் தருகிறாராம், மேலே கேமராவைப் பிடித்துத் திருப்பும் பால்ஹெட்டைத் தர மாட்டாராம்.