பனிக்குட நீரும் ஒரு பழைய ஸ்கேன் அறிக்கையும்

என் தங்கை மகனுக்கு ஆட்டிசம் இருப்பது மூன்று வயது நிறைவதற்கு முன்பே உறுதியானது. அன்றிலிருந்து எந்த மருத்துவரைப் பார்க்கச் சென்றாலும், குழந்தையின் ஆவணங்களோடு, தன் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகத் திருமணத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேன் அறிக்கையையும் அவள் கொண்டுபோகத் தொடங்கினாள். நீர்க்கட்டிச் சிக்கலில் ஆண் ஹார்மோன் கூடியிருப்பதுண்டு; கருவில் அந்த ஹார்மோன் மிகுந்தால் ஆட்டிசம் வரும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரிதான் அதற்குக் காரணம். அந்த வரியின் மூலத்தை அவளுக்காகத் தேடிப் படித்தேன்.

அது கேம்பிரிட்ஜில் ஆட்டிச ஆய்வாளர் சைமன் பாரன்-கோகன் குழுவினர் நடத்திய நீண்ட கால ஆய்விலிருந்து வந்தது. வேறு மருத்துவக் காரணங்களுக்காகக் கர்ப்பிணிகளிடமிருந்து எடுக்கப்பட்ட பனிக்குட நீரில், அதாவது கருவைச் சூழ்ந்திருக்கும் நீரில், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அளந்து, பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். 2010இல் வெளியான கட்டுரையில், 18 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் ஒரு வினாத்தாளை நிரப்பியிருந்தார்கள்: பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பாவனை விளையாட்டு விளையாடுகிறதா என்பன போன்ற கேள்விகள். ஹார்மோன் அளவு கூடியிருந்த குழந்தைகளிடம் ஆட்டிசப் பண்புகளின் மதிப்பெண்ணும் சற்றுக் கூடியிருந்தது. ஆனால் இவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகள் அல்லர். அளக்கப்பட்டவை எல்லாரிடமும் ஏறத்தாழ உள்ள பண்புகளே. இந்த வேறுபாட்டைத்தான் வாட்ஸ்அப் செய்தி முற்றிலும் விழுங்கிவிட்டது.

பின்னர் டென்மார்க்கில், 1993 முதல் 1999 வரை பிறந்தவர்களின் சேமிக்கப்பட்ட பனிக்குட நீரை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஆண்களின் மாதிரிகளில் டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு ஹார்மோன்கள் சராசரியாகக் கூடுதலாக இருந்தன. அதே மாதிரிகளில் பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜன்களும் கூடியிருந்ததைப் பிறகு கண்டார்கள் என்பதால், 'ஆண் ஹார்மோன்' என்ற ஒற்றைச் சொல் இதற்குப் போதாது. இன்னொரு பக்கம், உளவியல் ஆய்வாளர் மெலிசா ஹைன்ஸ் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வு, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாட்டால் கருவிலேயே மிகுந்த ஆண்ட்ரோஜனுக்கு (ஆண் ஹார்மோன் வகை) ஆளான குழந்தைகளைப் பார்த்தது. அவர்களிடம் ஆட்டிசப் பண்புகள் கூடியிருக்கவில்லை. என் கணிப்பில் இது எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பு அன்று.

தங்கைக்கு மிகவும் வேண்டியிருந்தது நீர்க்கட்டியைப் பற்றிய பதில். பிரிட்டனில் பல்லாயிரம் பெண்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2018இல் வந்த ஆய்வு, இந்தச் சிக்கல் உள்ள தாய்மாருக்கு ஆட்டிசம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2.3 சதவீதம் என்றும், இல்லாத தாய்மாருக்கு 1.7 சதவீதம் என்றும் கணக்கிட்டது. அதாவது, நீர்க்கட்டி உள்ள நூறு தாய்மாரில் ஏறத்தாழ 98 பேரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. ஒரு தாயின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய குழந்தையைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் சிறியது.

இன்னொன்றையும் அவளுக்கு விளக்கினேன். பனிக்குட நீரில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் கருவின் சொந்தச் சுரப்பிகளிலிருந்து வருவது. தாயின் இரத்தத்திலுள்ள ஆண்ட்ரோஜனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அவள் உண்டதோ உண்ணாததோ, மாத்திரையைத் தவறவிட்ட ஒரு வாரமோ இந்த ஆய்வுகளில் எங்கும் காரணமாகச் சொல்லப்படவில்லை. அவள் வெகுநேரம் பேசவில்லை, பிறகு 1.7, 2.3 என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள்.

சென்ற வாரம் பேச்சுப் பயிற்சிக்கு நானும் உடன் சென்றேன். அவள் பையில் குழந்தையின் படப் புத்தகமும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. ஸ்கேன் அறிக்கை இல்லை.