சாவிக்கொத்து

டெட்ராய்ட்டில் இன்று நண்பரின் பழைய காரில் ஏறியதும் என் கண் சாவியில் நின்றுவிட்டது. கூடவே வீடு, அலுவலகம், கிடங்கு என்று பத்துச் சாவிகள், ஒரு பித்தளைப் பிள்ளையார். ஒவ்வொரு பள்ளத்திலும் கொத்து முழுவதும் ஊசலாடியது.

ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த செவர்லே கோபால்ட் கார் நினைவுக்கு வந்தது. கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி திரும்பிவிடும். ஓடும்போதே இன்ஜின் அணையும். மோதினால் ஏர்பேக் விரியாது.

விரியாத ஏர்பேக்குகளை விசாரிக்க வேண்டும் என்று 2007-இலேயே அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அதிகாரி ஒருவர் முன்மொழிந்தார். அமைப்பு ஏற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது 2014-இல். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்த ஏழு ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நண்பருடையது வேறு மாடல்தான். ஆனாலும் கார் சாவியைத் தனியே கழற்றச் சொன்னேன். பிள்ளையாரை டாஷ்போர்டில் வைத்தார்.