நான் கான்ஸ்டபிள் கட்சி

லண்டன்ல இருக்கிற மச்சான் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துல டர்னர், கான்ஸ்டபிள்ங்கிற ரெண்டு இங்கிலீஷ் ஓவியர்களோட படத்தையும் சேர்த்து வச்ச கண்காட்சிக்குப் போயிட்டு நாப்பது போட்டோ அனுப்பியிருக்கார். பாதியில கண்ணாடி மேல அவர் மூஞ்சிதான் தெரியுது.

டர்னர் பொறந்தது 1775, கான்ஸ்டபிள் 1776. ஒரு வயசுதான் வித்தியாசம், ஆனா ஆகாது. 1832ல லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில ரெண்டு பேர் படமும் பக்கத்துப் பக்கத்துல மாட்டியிருந்தது. கான்ஸ்டபிள் வருஷக்கணக்கா இழைச்ச வாட்டர்லூ பாலம், செவப்பும் தங்கமுமா மின்னுது. டர்னரோடது சாம்பல் கடல். மனுஷன் வந்தார், ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார், தன் கடல் நடுவுல செவப்பா ஒரு அப்பு அப்பிட்டுப் போயிட்டார். "வந்து துப்பாக்கியால சுட்டுட்டுப் போயிருக்கார்"னு கான்ஸ்டபிள் புலம்பினாராம். அப்புறமா டர்னர் திரும்பி வந்து அந்தச் செவப்பை மிதவையா மாத்தினது தனிக் குசும்பு.

ஆனாலும் நான் கான்ஸ்டபிள் கட்சி. 1821, 22ல லண்டன் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுல உக்காந்து வெறும் மேகமா வரைஞ்சு தள்ளியிருக்கார். பின்பக்கம் தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு குறிப்பு வேற!

கோத்தகிரில இருந்துக்கிட்டு இதைப் பண்ணலைன்னா எப்படி? நேத்து மொட்டைமாடில உக்காந்தேன். பின்னாடி எழுதியும் வச்சேன்: "மாலை 4.20, காத்து மேட்டுப்பாளையம் பக்கம்." அவரோடது எண்ணெய் வண்ணம், நம்மளது வாட்டர்கலர். 4.35க்கு மிஸ்ட் ஏறிடுச்சு. மேகம் காகிதத்துலயும் கலைஞ்சிடுச்சு.

இன்னும் காயலை. அடுப்புப் பக்கம் வச்சிருக்கேன்.