மை போல அச்சடிக்கும் சூரிய மின்கலம்

சூரியத் தகடு என்றாலே கண்ணாடிக்குள் அடைத்த சிலிக்கான்தான் நினைவுக்கு வரும். கனம் அதிகம், வளைத்தால் உடையும். சிலிக்கானை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கவேண்டும் என்பதால் செலவு அங்கேயே ஏறிவிடுகிறது.

1991இல் பிரையன் ஓ'ரீகன், மைக்கேல் கிராட்செல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வேறு வழி காட்டினார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொருள். அதை நானோ துகள்களாக்கிப் பூசினால் கடற்பஞ்சு மாதிரி உள்ளே எல்லாம் நுண்துளைகள். துளைச் சுவர் முழுக்கச் சாயம் ஒட்டிக்கொள்ளும். சாயம் வெளிச்சத்தை வாங்கி எலக்ட்ரானைத் துகளிடம் கொடுத்துவிடும்; அந்த எலக்ட்ரான் ஓட்டம்தான் மின்சாரம். பச்சை இலை செய்கிற வேலையின் தொடக்கமும் ஏறக்குறைய இதுதான்! முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்த வழியில் வந்ததுதான் பெரோவ்ஸ்கைட் மின்கலம். பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு வகைப் படிக அமைப்புள்ள பொருள், இங்கே வெளிச்சத்தை வாங்குவது அதுதான். 2009இல் ஜப்பானிய விஞ்ஞானி மியாசகாவின் குழு இதைச் செய்தபோது செயல்திறன் (விழும் வெளிச்சத்தில் மின்சாரமாக மாறும் பங்கு) 3.8 சதவீதம், இன்று ஆய்வகத்தில் 25ஐத் தாண்டிவிட்டது. படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட வராது. கரைசலாக்கி பிளாஸ்டிக் தாளில் மை போல அச்சடிக்கலாம், சுருட்டலாம்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஈரம் பட்டால் சிதையும், பெரும்பாலானவற்றில் ஈயமும் உண்டு. இந்த இரண்டையும் தீர்க்காமல் அவசரப்பட்டுக் கூரைக்குக் கூரை ஒட்டிவிடக் கூடாது என்றுதான் சொல்வேன்.