ஹெர் மூக்கையா

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி அட்டைகூட வந்த வழியே திரும்பிப் போய்விடும். மதுரைப் பக்கம் நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலோடு சரி. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருந்தது. ஆக, ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மணிக்கு மேலே 'மூக்கையா', கீழே மனைவியின் 'பிச்சை'. என் அப்பா உசிலம்பட்டிக்காரர், மாமனார் சோழவந்தான்காரர். எதிர்வீட்டுப் பாட்டி எங்களைக் கல்யாணம் ஆகாத ஜோடி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

இங்கே பல பெயர்கள் பழைய தொழிலைச் சொல்லும். மியுல்லர் என்றால் மாவரைப்பவர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர். அதனால் காபி நேரத்தில், "ஹெர் (திரு.) மூக்கையா, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்பார்கள். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கையா என்று வைப்பார்கள். குறைபட்ட பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்பன், தவிட்டைக் கொடுத்து வாங்கினால் தவிடன், சாமியிடம் கையேந்தி வாங்கினால் பிச்சை. அப்பாவின் வலது மூக்கில் அந்தத் துளை தூர்ந்துபோய் இன்னும் கடுகளவு குழியாகத் தெரியும்.

பிச்சைக்கு அர்த்தம் சொல்லவே விடமாட்டார்கள். "கூகுள் சுந்தர் பிச்சைக்குச் சொந்தமா?" என்று மனைவியை மடக்கிவிடுவார்கள். 1972இல் மதுரையில் பிறந்த அவரும் எங்கள் கதைதான்: வைத்த பெயர் சுந்தரராஜன், பிச்சை அவர் அப்பா ரகுநாத பிச்சையுடையது. எனக்கோ மூக்கையா என்றால் பி.கே. மூக்கையாத் தேவர். உசிலம்பட்டிக்கு நெடுநாள் எம்.எல்.ஏ., 1974இல் கச்சத்தீவைக் கொடுத்ததை எதிர்த்து மக்களவையில் பேசியவர். அதை ஸ்டுட்கார்ட்டில் யாரிடம் சொல்ல?

மகளுக்குக் குடும்பப் பெயர் என் பெயர். வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். அம்மாவும் மகளும் தனியாக விமானம் ஏறினால், இது யார் பிள்ளை என்று எல்லைக் காவலர் கேட்பார். பிறப்புச் சான்றிதழையும் என் சம்மதக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டோடே வைத்துவிடுவோம். அப்புறம் ஒன்றும் கேட்பதில்லை.