படங்களை வீட்டுக்குக் கொண்டு வந்த கதை

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். ரப்பர் எஸ்டேட் லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவ, இப்ப தாமான்னு சொல்ற குடியிருப்புல வீடு. லயத்து வாழ்க்கையைப் பென்சில்ல வரைஞ்சு ஒன்பது வருஷமா ஒரு பெரிய சமூக வலைத்தளத்துல போட்டுக்கிட்டு இருந்தேன். காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்களம், பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகை, மரத்துலயும் மங்குலயும் காஞ்சு ஒட்டுன பாலைச் சேக்குற ஒட்டுப்பால் கூடை, விடியிறதுக்கு முன்ன நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போற அம்மா, இப்படி 400 படத்துக்கு மேல இருக்கும். போன வருஷம் அங்கேருந்து முழுசா வெளிய வந்துட்டேன். எப்படிச் செஞ்சன்னு நெறைய பேர் கேக்குறீங்க, அதான் இத எழுதுறேன்.

மொதல்ல ஏன்னு சொல்லிடறேன். கோலகங்சார்ல 1877ல நட்ட கன்னுங்கள்ல தப்பிச்ச ஒரு ரப்பர் மரம் இன்னும் நிக்குதில்ல, அத ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சேன். யாரோ என் கையெழுத்த வெட்டிட்டு டீசட்டையில அடிச்சு வித்தாங்க. புகார் குடுத்தா நீதான் வரைஞ்சன்னு நிரூபின்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல என் கணக்கே பூட்டிருச்சு. ஐசி, அதான் அடையாள அட்டை, அதோட படம் கேட்டாங்க அனுப்பினேன், 19 நாள் ஒரு பதிலும் இல்ல, இருபதாவது நாள் தானாத் தொறந்துச்சு, காரணம் ஒண்ணும் சொல்லல.

அந்த 19 நாளும் நான் படத்துக்காக அழல. ஒரிஜினல் எல்லாம் அலமாரியில பிஸ்கட் டின்ல இருக்கு. அழுதது கமெண்டுக்காக. பால்மரம் சீவுற ஒரு படத்துல கோட்ட மாத்திப் போட்டுட்டேன், அதுக்கு ஒரு பெரியம்மா எழுதியிருந்தாங்க, "பாப்பா, கோடு எடதுபக்கம் மேல ஆரம்பிச்சு வலதுபக்கம் கீழ எறங்கணும்டா, பட்டைக்குள்ள பால் குழாய் கொஞ்சம் சாஞ்சு ஓடும், அப்படி வெட்டுனாத்தான் நெறைய குழாய் அறுபடும், பால் வரும். பால் புடிக்கிற மங்கு அந்த வலதுபக்கக் கோடியில தொங்கும்." முப்பது வருஷம் மரம் சீவுன கை எழுதுன பாடம் அது. என் படத்தோட பாதி உயிரே இந்த மாதிரி கமெண்டுலதான் இருக்கு, அது யாரோ ஒருத்தர் பூட்டிப் போட்ட வீட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு.

கணக்கு தொறந்த அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் எறக்கினேன். ரெண்டு வடிவத்துல தருவாங்க, கம்ப்யூட்டர் படிக்கிறதுக்கான ஜேசான், நாம ப்ரவுசர்ல தொறந்து படிக்கிற எச்டிஎம்எல்னு. நான் தெரியாம ஜேசான் எடுத்தேன், தொறந்து பாத்தா தமிழ் எழுத்து ஒண்ணு கூட இல்ல, எல்லாம் புள்ளியும் கொக்கியுமா. கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கிற யூடிஎஃப் எட்டுங்கற முறையில தமிழ்ல ஒரு எழுத்துக் குறிக்கு மூணு பைட், அந்த மூணையும் தனித்தனி எழுத்தா நெனச்சு எழுதி வச்சா இப்படித்தான் வரும். எச்டிஎம்எல் எடுத்தா சரியாப் படிக்க முடியுது, நீங்க அதையே எடுங்க. ஆனா அதுல நான் எழுதுனது மட்டும்தான் இருந்துச்சு, என் படத்துக்குக் கீழ மத்தவங்க எழுதுனது ஒண்ணு கூட வரல.

அப்புறம் என்ன, கையாலதான். ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து ஒவ்வொரு படமா தொறந்து கமெண்ட காப்பி பண்ணி, யார் எழுதினது என்னிக்குன்னு குறிச்சு வச்சேன், பதினோரு வாரம் ஆச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் போன் போட்டு, உங்க பேச்ச என் பக்கத்துல போடலாமான்னு கேட்டேன். மூணு பேர் எறந்துட்டாங்க, அவங்க பிள்ளைங்ககிட்ட கேட்டேன். ஒரு அண்ணன் அப்பா எழுதுனத போன்லயே படிச்சுக் காட்டச் சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு.

படங்களையும் திரும்ப ஸ்கேன் பண்ணேன், 600 டிபிஐல, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி. தளத்துலேருந்து எறக்குனது சுருங்கிப் போனது, பென்சிலோட மெல்லிசு கோடெல்லாம் செத்துப் போச்சு.

உரிமை விஷயம் முக்கியம். நம்ம நாட்டு காப்பிரைட் சட்டம் 1987. நீங்க வரைஞ்ச அந்த நேரத்துலயே உரிமை உங்களுக்கு வந்துடும், நீங்க போன பிறகும் 50 வருஷம் நிக்கும், பதிவு கட்டாயம் இல்ல. ஆனா 2012லேருந்து மைஐபிஓவுல, அதான் அறிவுசார் சொத்துக்கான அரசாங்க அமைப்புல, விரும்புனா பதிஞ்சு வைக்கலாம், அந்தப் பதிவோட சான்றுபடுத்துன நகல கோர்ட்டுல ஆதாரமா ஏத்துப்பாங்க. முக்கியமான ஆறு படத்துக்கு செஞ்சு வச்சிருக்கேன், அந்த மரமும் அதுல ஒண்ணு.

சொந்த டொமைன், அதாவது இணையத்துல எனக்குன்னு ஒரு முகவரி, வாங்கினேன். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, யார் உங்களுக்கு செட்டப் பண்ணிக் குடுத்தாலும் டொமைன் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, நீங்களே காசு கட்டுனதா இருக்கணும். பக்கம் வேர்ட்பிரஸ்ல, அது 2003லேருந்து இருக்கு, இலவச மென்பொருள், நாளைக்கு பக்கத்த வச்சிருக்கிற ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லன்னா மொத்தத்தையும் மூட்டை கட்டி வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். அந்தக் காலத்து நட்புத் தளம் ஃப்ரெண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கா? 2009ல நம்ம மலேசியக் கம்பெனி ஒண்ணு வாங்குச்சு, 2011ல வெளையாட்டுத் தளமா மாறுனப்ப பழைய படம், கமெண்ட் எல்லாம் நீக்கிட்டாங்க. நம்ம வயசுக்காரங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா லா.

ஆளுங்கள எப்படிக் கூட்டிட்டு வர்றதுங்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஈமெயில்னா எங்க பெரியவங்க பாக்க மாட்டாங்க. அதனால வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட், ஒரே செய்தி பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் தனித்தனியா போகும், அதுவும் பெரிய கம்பெனியோடதுதான், தெரியும், ஆனா அதுல லிங்க் மட்டும்தான் போகும், படம் என் வீட்லதான் இருக்கும். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதோட அவங்க போன்ல உங்க நம்பர் சேவ் ஆகியிருந்தாத்தான் செய்தி போய்ச் சேரும். கோயில் திருவிழாவுல ஒரு மேசை போட்டு, வந்தவங்க ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி நானே சேவ் பண்ணிக் குடுத்தேன்.

முன்ன 9,000 பேர் பின்தொடர்ந்தாங்க, இப்ப பட்டியல்ல 231 பேர். மொத மாசம் மனசு ரொம்ப வலிச்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா படம் போட்டா இந்த 231 பேருக்கும் போகுது, யாருக்குக் காட்டணும்னு நடுவுல ஒரு மெஷின் முடிவு பண்ணல. பதிலும் குரல் பதிவா வருது, சிலது அஞ்சு நிமிஷம், பின்னால சேவல் கூவுற சத்தத்தோட.

போன வாரம் அந்தப் பெரியம்மாவே அனுப்பியிருந்தாங்க. ஒட்டுப்பால் கூடைக்கு நான் பிரம்புல கைப்பிடி போட்டிருக்கேன், அது கம்பியாம். பழைய கூடை ஒண்ணு அவங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால இன்னும் கெடக்காம். சனிக்கிழம பசியாறிட்டு அங்க போறேன், வரையுற நோட்டும் எடுத்துக்கிட்டு.